வீட்டிலிருந்தே போய்வருகிற கல்லூரி

பள்ளி இறுதித் தேர்வு வரை வந்துசேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஏதாவது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராவது. இன்னொன்று கல்யாணம். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் முதல் வழியிலும் பாதிப்பேர் இரண்டாவது வழியிலும் போய்விட்டார்கள். நானும் என் சிநேகிதியும் மட்டும் கல்லூரியில் சேர்ந்தோம்.

நகரத்தில் இருந்தது இரண்டாந்தரக் கல்லூரி. தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. இண்டர்மீடியட் என்கிற இரண்டு வருஷப் படிப்பு மட்டும் அங்கே உண்டு. பி.ஏ. படிக்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்கோ மதராஸுக்கோ போகவேண்டும். அதைப்பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை. "பக்கத்திலதானே இருக்கு, வீட்டிலிருந்தே போய்வரலாம்" என்ற ஒரே பேச்சில் காரியம் முடிந்துவிட்டது.

என் அப்பா எங்கள் ஊர்ச் சபையில் உபதேசியார். கோயில் மணி அடிப்பதிலிருந்து வீடுவீடாகப் போய் ஜெபம் பண்ணுவது வரை அவர் வேலை. வீட்டில் நான் மூத்தவள். எனக்குக் கீழே சின்னதும் பெரியதுமாகத் தம்பி தங்கைகள். சிநேகிதியின் வீடு எங்கள் ஊருக்குக் கிழக்கே, மயிலாடி போகிற வழியில் இருந்தது. அவளுடைய அப்பா கருப்பட்டி வியாபாரி. அய்யாவழிக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அவர் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, நிழல்தாங்கல் என்கிற அவர்களுடைய வழிபாட்டு இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். வழியில் அப்பாவைப் பார்த்தால் இருவரும் கும்பிட்டுக்கொள்வார்கள். அதற்குமேல் பழக்கம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும்தான் பழக்கம், நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த பழக்கம்.

ஒருநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, மேல்துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, சுற்றிவளைக்காமல் பேசினார்.

"உபதேசியாரே, ஒங்க மக காலேஜுல சேரப்போறாண்ணு எம்மவ ராவும் பகலும் என்னப் பிடுங்குதா. நான் ஒரு பேச்சு சொல்லதுக்கு வந்தேன். ஒங்க பிள்ளை போனா எம்பிள்ளையும் போவட்டு. ஒங்க பிள்ளை நிண்ணா எம்பிள்ளையும் நிண்ணிரும். ஒத்தைக்கு நான் அனுப்பமாட்டேன்."

அப்பாவுக்கு முகம் தெளிந்ததை நான் கதவுப்பக்கம் நின்று பார்த்தேன். அவருக்கும் அதே கவலைதான் இருந்திருக்கிறது. ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு ஒற்றைப் பெண்ணாக என்னை அனுப்புவதற்குச் சபைக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று இருந்தார்.

"நானும் அதத்தான் நெனச்சேன் அண்ணாச்சி. ரெண்டும் சேந்து போவட்டு, சேந்து வரட்டு."

இருவருக்கும் திருப்தி. எங்கள் அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அன்று பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் புரிந்திருக்காது.

சேருகிற அன்று இரண்டு அப்பாமாரும் கூடவே வந்தார்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிமுடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்படுவாள். கணக்கும் பௌதிகமும் உள்ள பிரிவு என்று மெல்லச் சொன்னாள். எனக்குக் கணக்கு வராது. நான் சரித்திரம் என்றேன்.

எழுத்தர் நல்ல மனுஷன். பொறுமையாக விளக்கினார். பௌதிகம் எடுத்தால் மத்தியானத்துக்கு மேல் பரிசோதனைச்சாலையில் நிற்க வேண்டியிருக்கும், சில நாள் பொழுது சாய்ந்துவிடும் என்றார். அவளுடைய அப்பா வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பிள்ளையளும் ஒரே கிளாஸ்லதான் இருக்கணும். இந்தப் பிள்ளை எதப் படிக்குதோ அதயே இவளுக்கும் போடுங்க."

"பின்னால மாத்த முடியாது கேட்டேளா" என்றார் எழுத்தர்.

"மாத்தாண்டாம்."

எழுத்தர் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது குளத்தங்கரையில் அப்பாமாரை முன்னால் போகவிட்டு என் காதில் சொன்னாள்: "சரித்திரமாட்டி? செத்துப்போன ராசாக்கமாரை ரெண்டு வருசம் எண்ணிக்கிட்டிருக்கணும். சவம், போவட்டு. காலேஜுக்குப் போறோம்லா, அது போரும்."

இப்போது கல்லூரியில் சேரப்போகிற பிள்ளைகள் யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். சேருகிற அன்று, மேசைக்கு முன்னால் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், எதைப் படிக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லக்கூடாது. பாடம் நடக்கத் தொடங்கிய பிறகு அது மாறாது.

வகுப்பில் நாற்பது ஐம்பது ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். எங்களுக்குக் கதவையொட்டி ஒரு பெஞ்சு. ஆசிரியர் வந்த பிறகு அவருக்குப் பின்னால் உள்ளே போகவேண்டும், அவர் வெளியேறும்போது கூடவே வந்துவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உட்கார, தேசப்படங்கள் சுருட்டி வைத்திருந்த ஒரு அறையைக் கொடுத்திருந்தார்கள். யாரும் எங்களிடம் தப்பாக நடந்ததில்லை. யாரும் பேசினதும் இல்லை. இரண்டு வருஷத்தில் என் வகுப்பில் இருந்த ஒரு பையனுடைய குரலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லும்போது மட்டும் குரல் கேட்கும், யாருடையது என்று தெரியாது.

விடுதியில் தங்கிய பையன்கள் சாயங்காலம் கூட்டம் போட்டு வாதம் பண்ணுவார்கள், ஆசிரியர் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்பார்கள், நூல்நிலையத்தில் விளக்கேற்றும் வரை இருப்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டோம். நாங்கள் கடைசி மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவோம். கல்லூரி என்பதில் பாதி, மணி அடித்த பிறகு நடக்கிறது. அந்தப் பாதியை நாங்கள் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தாலோ நான் வீட்டுப்பெண். அம்மா என்னை வேலை வாங்கிக் கொடுமைப்படுத்தினாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு வேறு ஆள் கிடையாது. நான் நடைக்குள் கால் வைத்ததும் சின்னத் தங்கையை என் இடுப்பில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போவாள். நெல் குத்தணும், கிணற்றில் வெள்ளம் எடுக்கணும், தம்பிகளைக் குளிப்பாட்டணும். காலையில் வெளியே போய்விட்டு வந்தவள் சாயங்காலமாவது ஒரு கை கொடுக்கட்டும் என்பது அவள் எண்ணம். புத்தகத்தை எடுத்தால், "ஏட்டி, அதத்தானே பகல் பூரா அங்க படிச்சே?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்பாள். விடுதியில் இருக்கிற பையனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வீட்டிலிருந்தே போய்வருகிறவர்களை வீடு முழுசாக அனுப்பிவைப்பதில்லை.

படிப்பு நடந்ததெல்லாம் வழியில்தான். காலையில் அவள் கிழக்கே இருந்து நடந்து எங்கள் வீட்டுக்கு வருவாள். "வந்தியா?" என்று நான் கேட்பதற்குள், "வெளிய வாட்டி, நேரமாச்சு" என்பாள். அங்கிருந்து சேர்ந்து நடப்போம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குடையைப் பிடுங்கும். அந்தக் காற்றில் கத்தித்தான் பேசவேண்டும். சரித்திரத்தோடு பாடமாக இருந்த, எனக்குப் பிடிபடாத தர்க்கசாஸ்திரத்தை அவள் காற்றுக்கு மேல் கத்திக் கத்திச் சொல்லித்தந்தாள். "எல்லா மனுசனும் சாவான். நம்ம எழுத்தரு ஒரு மனுசன். அப்பம்?" வயலில் களை பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலநாள் எங்கள் வகுப்பு நடக்கும் அறையில் முந்தின வகுப்பின் கணக்கு கரும்பலகையில் அழியாமல் இருக்கும். அதை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எடுத்துக்கொள்வாள். திரும்புகிற வழியில் பேச்சு குறைந்தால், அந்தக் கணக்கைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "செரி, நீ என்ன சொல்லிட்டிருந்தே?" என்பாள்.

நாங்கள் கவனிக்காத ஒன்று மெல்ல நடந்துகொண்டிருந்தது. மாதத்தில் மூன்று நாள் அவளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பமாட்டார்கள். அந்த நாட்களில் நான் தனியாகப் போகக்கூடாது என்று அப்பா நிறுத்திவிடுவார். அய்யாவழிக் கோயிலான பதியில் திருநாள் என்றால் அவள் வரமாட்டாள், நானும் போகமாட்டேன். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைத் தட்டு ஒதுக்கணும் என்று அம்மா என்னை நிறுத்தினால் அவளும் நிற்பாள். என் தலைவலி, அவள் வீட்டு விருந்தாளி, என் தம்பிக்குச் சிரங்கு, அவளுடைய மாமன் வீட்டுச் சாவு எல்லாம் எங்கள் இருவருக்கும் பொது. ஒருத்தி இழக்கிற நாளை மற்றவளும் இழந்தாள். சர்வகலாசாலை விதிப்படி இத்தனை நாள் வகுப்பில் இருந்திருந்தால்தான் பரீட்சை எழுதவிடுவார்கள் என்று ஆசிரியர் ஒருதடவை சொன்னார்தான். அது மட்டம்போடுகிற பையன்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள்.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். இறங்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கம்பவுண்டர் விஷஜுரம் என்றார். கஞ்சித் தெளிவைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது, யாராவது பக்கத்திலேயே இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது என்றால் நான்தான். அப்பா மழையோடு மழையாகச் சபைவேலைக்கு அலைந்தார். அவர் இருந்தாலும் அடுப்பு மூட்டத் தெரியாது.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கையில் கஞ்சிப்பானையோடு வெளியே வந்தேன்.

"அம்மைக்கு விஷக்காய்ச்சலாம். நான் வரல்ல. நீ போ" என்றேன்.

"நான் எப்பிடிப் போவேன்?"

"ஏட்டி, இன்னைக்கு ஒருநாள் நீ போ. யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் சாலையைப் பார்த்தாள். பிறகு, "தெரியும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். உடுத்து, புத்தகங்களைச் சேலைத்தலைப்புக்குள் மழைபடாமல் மறைத்து, எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் வருவாள். "எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். "அப்பிடியே இருக்கு" என்பேன். உள்ளே வந்து அம்மாவை எட்டிப்பார்த்துவிட்டு, சிலநாள் எனக்காக ஒரு குடம் தண்ணீர் எடுத்துத் தந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லாமல், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வந்தாளா, அல்லது எப்படியும் ஒருநாள் நான் புத்தகத்தோடு நிற்பேன் என்று நம்பி வந்தாளா, எனக்குத் தெரியாது. காய்ச்சல் இறங்கினாலும் அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது. ஒருமுறை இறங்கின காய்ச்சல் மறுபடியும் ஏறியது. மழை நின்று மார்கழிப் பனி வந்தபோதும் நான் அடுப்படியில்தான் இருந்தேன்.

நான் அப்பாவிடம் சொன்னேன்: "அவளையாவது அனுப்பச் சொல்லுங்கப்பா. எனக்காக அவ ஏன் நிக்கணும்?"

அப்பா போனார். போய்விட்டுச் சீக்கிரமே திரும்பிவந்து, மேல்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"பேச்சு அப்பிடி இல்லியே உபதேசியாரேங்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவரு சொல்லதும் சரிதானே மக்கா. நானே அவரு எடத்துல இருந்தா அனுப்பியிருப்பேனா?"

எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அம்மாமேலும் வந்தது, படுக்கையில் கிடப்பவள்மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது. அந்த மாதங்களில் நான் யாரிடமும் நன்றாகப் பேசியதாக நினைவில்லை.

தை பிறந்த பிறகு அம்மா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். ஒரு சித்தி வந்து எங்களோடு தங்கினாள். நாங்கள் இருவரும் கல்லூரிக்குப் போனோம். வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சு தூசி படிந்து கிடந்தது. அவள் தலைப்பால் துடைத்தாள். அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் கல்லூரி முதல்வர் எங்களை அழைத்தார்.

அவர் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார். வருகைப் பதிவை ஆசிரியர்களே இரண்டுதரம் பார்த்துவிட்டார்கள் என்றும், எப்படிப் பார்த்தாலும் நாள் போதவில்லை என்றும், சர்வகலாசாலை விதியில் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். இரண்டாம் வருஷத்தைத் திரும்ப ஒருமுறை படித்து அடுத்த வருஷம் பங்குனியில் எழுதலாம் என்றார். "ஒரு வருஷம்தானே, பெரிய காரியமில்லை" என்றும் சொன்னார். ஆண்பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமில்லைதான்.

வெளியே வந்தோம். வராந்தாவில் யாரோ பையன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். குளத்தங்கரை வரும்வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அங்கே வந்ததும் நின்று சொன்னாள்.

"ஒங்க அம்மைக்கு வந்த காய்ச்சல்ல எனக்க படிப்பு போச்சுண்ணு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், கேட்டியா."

அவள் புத்தகங்களை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா போச்சு" என்றாள்.

"அடுத்த வருசம் படிக்கலாம்லாட்டி. அவரே சொன்னாருல்லா?"

"நீ படிப்பே. எங்கப்பா அனுப்பமாட்டாரு. ரெண்டு வருசம்ணு சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். ரெண்டு வருசம் முடிஞ்சு போச்சு."

அப்படியேதான் ஆயிற்று. அவளுடைய அப்பா சண்டைபோடவில்லை, திட்டவில்லை. "படிச்சது போரும்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குமேல் அவளால் எதுவும் பேச முடியவில்லை. சித்திரையில் மார்த்தாண்டத்தில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கல்யாணம் பேசிமுடித்தார்கள். அவரும் கருப்பட்டி, நல்லமிளகு வியாபாரம். பழகுவதற்கு நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பிறகு பார்த்தேன், நல்லவர்தான்.

கல்யாணத்துக்குப் போனேன். அம்மாவுக்கும் வர ஆசை, ஆனால் அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பெண்ணை அலங்கரித்து உட்காரவைத்திருந்த அறையில் கூட்டம். அவள் என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த பெண்களை நகரச்சொல்லி இடம் பண்ணினாள். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச எவ்வளவோ இருந்தது. "அம்மை சாப்பிடுதாளா?" என்று கேட்டாள். "சாப்பிடுதா" என்றேன். பிறகு அவளை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனி மாதம் கல்லூரி திறந்தபோது அப்பா என்னைத் தனியாகப் போகச் சொன்னார். அதுவரை ஒருநாளும் முடியாது என்று இருந்தது அப்போது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா பட்டபாட்டில் அவர் மனசு இளகியிருக்கலாம். சபைக்காரர்கள் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியிருக்கலாம். "ஆண்டவர் பாத்துக்குவாரு, போ" என்றார். அன்று காலை முற்றத்தில் இறங்கும்போது, இந்த ஒரு வார்த்தையை ஐப்பசியில் இரண்டு அப்பாமாரில் ஒருவர் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்தேன். அந்த நினைப்பு அந்த வருஷம் முழுவதும் என்னோடு கல்லூரிக்கு வந்துபோயிற்று.

வழியில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் நடக்கும் என்று எல்லோரும் அஞ்சிய எதுவும் நடக்கவில்லை. வெறும் சாலை. களை பறிக்கிறவர்கள், மாட்டுவண்டிகள், எப்போதாவது ஒரு பஸ். தர்க்கசாஸ்திரம் சொல்லித்தர ஆள் இல்லாததால் அதில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். முதல்தரத்தில் இல்லை, இரண்டாம் தரத்திலும் இல்லை. தேறினேன், அவ்வளவுதான்.

தேறிய பிறகு என்ன செய்வது என்று அப்போதுதான் வீட்டில் பேச்சு வந்தது. பி.ஏ. என்றால் திருவனந்தபுரம். அங்கே விடுதி. அங்கே பக்கத்து ஊர்ப்பிள்ளை யாரும் கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கைகள் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நடுங்கிக்கொண்டே இருந்தன. ஒரு குடத்தைத் தனியாகத் தூக்க முடியாது. நான் திருவனந்தபுரத்தைப்பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. இரண்டு வருஷப் படிப்பு ஒரு பாலத்தின் பாதி. அக்கரைக்குப் போக யாரிடம் கேட்பது, எப்படிப் போவது என்பதை இக்கரையில் இருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பாதியில் போய் நின்றபிறகு யோசித்தால் திரும்பி வரத்தான் தோன்றும்.

சபைச் சங்கத்தின் தயவில் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சி இல்லாத டீச்சர் என்று எடுத்தார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவள் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒரு பெண். நாங்கள் கல்லூரிக்குப் போனபோது அவள் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். நாங்கள் வழியில் தர்க்கம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவள் வேலையில் சேர்ந்து, கைதேர்ந்து, தலைமை டீச்சருக்கு அடுத்தபடியாக வந்துவிட்டாள். பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்காரவைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்தாள். "நீ இண்டர்மீடியட்லா, ஒனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சில வருஷம் கழித்து மார்த்தாண்டத்தில் சபைப் பெண்கள் கூட்டம் ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. கூட்டம் முடிந்ததும் சந்தைப்பக்கம் போய் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் அவள் வீட்டுக்காரர் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து, "வரணும் வரணும், உள்ள போங்க, எப்பளும் ஒங்களப்பத்தித்தான் பறைவா" என்றார்.

அவள் அடுப்படியில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். பேச்சில் மேற்குப்பக்கத்து இழுப்பு வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "ஏட்டி, வந்தியா?" என்றாள், நேற்றுப் பார்த்தவளைக் கேட்பதுபோல. பலகை போட்டு உட்காரவைத்துக் காப்பி தந்தாள். அம்மாவை விசாரித்தாள். என் வேலையை விசாரித்தாள். மாமியார் கொஞ்சநேரம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மாமியார் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக்கூடாது."

"கேளு."

"அந்தக் கிரேக்க தேசத்துல ரெண்டு ஊரு சண்டைபோட்டுதே. கப்பல் வச்சிருந்த ஊரும், பட்டாளம் வச்சிருந்த ஊரும். அந்தப் பாடம் நடக்கும்போதுதான் நாம நிண்ணோம். கடைசியில எந்த ஊரு செயிச்சுது?"

நான் சிரிக்கவில்லை. பட்டாளம் வைத்திருந்த ஊர் என்றேன்.

"கப்பல் வச்சிருந்தவங்க தோத்துட்டாங்களா?"

"தோத்துட்டாங்க. ஊருக்குள்ள கொள்ளைநோய் வந்துச்சு. பொறவு கப்பலையும் பிடிச்சுட்டாங்க."

"நான் கப்பல்காரங்கதான் செயிப்பாங்கண்ணு நெனச்சேன்" என்றாள். குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இத்தன வருசமா இத யாருட்ட கேக்கதுக்கு?"

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். பரீட்சைக்காகப் படித்தது. யாரோ ஒரு ராஜா வடக்கேயிருந்து வந்தான் என்பது மட்டும் நினைவிருந்தது. பெயர்கள் எல்லாம் போய்விட்டன. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "செரி விடு, இன்னொருநாள் சொல்லு" என்றாள்.

கணக்கைப்பற்றி ஏதாவது கேட்பாளோ என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் பேசவில்லை. கடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ சரக்கு எடுக்க வந்திருந்தார்கள், உள்ளறைச் சாவி அவளிடம் இருந்தது. அவள் எழுந்து போனாள். திரும்பி வருவதற்குள் குழந்தை அழ, மாமியார் கூப்பிட, மூத்த பெண் பசி என்று வந்து நிற்க, எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பனையோலையில் கட்டிய கருப்பட்டிப் பொதி ஒன்றை என் கையில் வைத்தாள். "அம்மைக்கு" என்றாள். வாசல் வரைக்கும் வரவில்லை, கடையில் ஆட்கள் நின்றார்கள்.

அதற்குப்பிறகு அவர்கள் வியாபாரத்தை வடக்கே கொல்லம் பக்கம் மாற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்று மார்த்தாண்டத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் தக்கலையில் ஏறிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் தன் மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருப்பதாகச் சொல்லி, நான் படித்த அதே கல்லூரியில் சேர்க்கலாமா என்று கேட்டார். வீட்டிலிருந்தே போய்வரலாமே என்றார். போய்வரலாம்தான் என்றேன். அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். அதை அவர் மகளிடம் கேட்டிருக்கவில்லை. நாளெல்லாம் தவறாமல் போகவேண்டும், வீட்டுவேலை வைக்கக்கூடாது, ஒரு நோய்நொடி வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள் என்றேன். முடிந்த பிறகு திருவனந்தபுரத்துக்கு அனுப்புவீர்களா என்றும் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வழியில பயமில்லியே?" என்றார்.

வழியில் ஒரு பயமும் இல்லை என்றேன். அவர் நிம்மதியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் படுதாவை இறக்கிவிட்டார்கள், உள்ளே இருட்டாகிவிட்டது. அந்தக் கைநடுக்கத்தோடு அம்மாவுக்கு இருட்டில் அடுப்பு மூட்ட வராது, தங்கை இருக்கிறாளோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, ஊர் வருகிறதா என்று படுதாவின் ஓரத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.